நில் என்றால் நீலம்

கல்கத்தாவில் மலை கிடையாது. மேடு என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு வாய்த்தது டாக்குரியா ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். எழுபதுகளின் கடைசியில், இரண்டு குளிர்காலங்கள், நானும் என் மனைவியும் விடியற்காலையில் அந்தப் பாலத்தில் ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கி, மலையில் ஓடப் பழகினோம். இப்போது இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அப்போதும் சிரித்தார்கள். குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு பால் வாங்க வரும் பெரியவர் ஒருவர், எதையாவது தொலைத்துவிட்டுத் தேடுகிறீர்களா என்று தினமும் கேட்பார். மலையைத் தேடுகிறோம் என்று என் மனைவி ஓட்டத்தை நிறுத்தாமலே அவர் பாஷையில் பதில் சொல்வாள். அவரும் விடாமல் மறுநாள் அதையே கேட்பார்.

பாலத்தை முடித்துக்கொண்டு ஏரிக்குப் போவோம். டிசம்பர் மாதத்தில் அந்த ஏரி இருக்கிற இடத்தில் ஏரி இருக்காது. பனிமூட்டம்தான் இருக்கும். மரங்கள் பாதிக்கு மேல் இல்லாமல் போயிருக்கும். துடுப்புப் போடுகிற சத்தம் எங்கிருந்தோ வரும், படகு தெரியாது. எனக்கு முன்னால் ஓடுகிறவளின் வெள்ளை கான்வாஸ் ஷூக்கள் இரண்டு மட்டும் தெரியும். கொஞ்ச நேரத்தில் அவையும் தெரியாது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு, இருக்கிறாளா இல்லையா என்று தெரியாத ஒருத்தியின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேறெப்போதும் இருந்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கால் வலிதான் பெரிதாகத் தெரிந்தது.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் வேலை. கல்கத்தாவுக்கு வந்து ஏழு வருடமாகியும் என் வங்காளி மீன் கடையைத் தாண்டவில்லை. அங்கேயும் விரல் நீட்டித்தான் வாங்குவேன். அவளோ ஹவுராவில் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்குக் கனவு வருவது வங்காளியில். தமிழ் வீட்டுக்குள் பேசத் தெரியும், எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் கல்யாணம் நிச்சயமான பிறகு எனக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பதற்காக, ஒரு அரிச்சுவடியை வாங்கிவைத்துத் தானே கற்றுக்கொண்டாள்.

அந்தக் கடிதங்கள் இன்றும் என்னிடம் இருக்கின்றன. வங்காளிகளுக்கு இகரத்தில் குறிலும் நெடிலும் காதுக்கு ஒன்றுதான். அவளுக்கும் அப்படித்தான். "எங்கள் விடு சின்னது, நீங்கள் வந்தால் தெரியும்" என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாள். வீடு என்று எழுதப் போய், விடு. நான் அறை நண்பர்களிடம் அதைப் படித்துக்காட்டிச் சிரித்தேன். ராத்திரி எல்லோரும் தூங்கியதும் தனியாக எடுத்து நாலு தடவை படித்தேன்.

அரிச்சுவடித் தமிழ் அவள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. "வா. நில். அமர். உண்" என்று எனக்குக் கட்டளை போடுவாள். "நாங்க யாரும் இப்படிப் பேச மாட்டோம். நில்லுன்னுதான் சொல்லுவோம்" என்று திருத்துவேன். "புக்ல நில்னுதானே இருக்கு? உங்க ஊர்க்காரங்களுக்குத்தான் தமிழ் தெரியல" என்பாள். இது எங்கள் வீட்டு விளையாட்டாகவே ஆகிவிட்டது. நானும் சில சமயம் அவளைக் கேலி செய்ய, "நில்" என்று வாத்தியார் குரலில் சொல்லுவேன்.

ஒரு நாள் அது விளையாட்டாக இல்லை. ஏரிக்குத் தெற்கே ரயில் பாதை போகிறது. அன்றைக்குப் பனி மிகவும் அடர்த்தி. வழக்கமான பாதையை விட்டுவிட்டு அவள் தண்டவாளத்தைக் கடந்து அந்தப் பக்கம் போகப் பார்த்தாள். எனக்கு வண்டிச் சத்தம் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை. கத்தினேன். வாயில் வந்தது "நில்!" என்ற அந்த அரிச்சுவடிச் சொல்தான். கட்டிப் போட்டதுபோல நின்றாள். அவளுக்கு இரண்டு கை தூரத்தில் பஜ்பஜ் லோக்கல் ரயில் போயிற்று. போன பிறகு இரண்டு பேரும் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டோம். அவள்தான் முதலில் பேசினாள்.

"இனிமே நீங்க நில்னு சொன்னா நிப்பேன். ஏன்னு கேக்க மாட்டேன். நீங்க போன்னு சொன்னாத்தான் போவேன். சரியா?"

சரி என்றேன். சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். நான்தான் காப்பாற்றவில்லை. வாரம் இரண்டு தடவையாவது மூச்சு முட்டும்போது பின்னாலிருந்து "நில்!" என்று கத்துவேன். அவள் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்திலேயே நிற்பாள். நான் ஆற அமர வந்து சேர்ந்து, மூச்சு வாங்கி முடித்து, "போ" என்பேன். "சீட்டிங்!" என்று கத்திக்கொண்டு ஓடுவாள். ஆனால் மறுபடி சொன்னால் மறுபடி நிற்பாள். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதை மறைத்து இப்போது என்ன ஆகப் போகிறது?

கல்கத்தாவில் எதற்கும் ஒரு கிளப் உண்டு. மலையே இல்லாத ஊரில் மலையேற்றக் கிளப்புகள் தெருவுக்கு ஒன்று இருந்தன. எங்கள் பேட்டையிலும் ஒன்று, ஹோமியோபதி டாக்டர் வீட்டு மாடியில். கயிறும் கோடாரியும் மாட்டிவைத்த சுவருக்குக் கீழே அரிசிப் பொரி தின்றுகொண்டு இமயமலையைப் பற்றிப் பேசுவார்கள். என் மனைவி அங்கே சேர்ந்தாள். அவளைக் கொண்டுவிடப் போய் நானும் சேர்ந்தேன். அந்த வருடம் பெண்கள் மட்டுமே போகும் ஒரு குழுவை இமயத்தில் கடுவால் மலைப் பக்கம் அனுப்புவது என்று முடிவாயிற்று. ஆறு பேருக்குத்தான் இடம். ஜனவரியில் பாங்குரா மாவட்டத்து சுசுனியா குன்றில் ஒரு ஓட்டம் வைப்பார்கள், அதில் முதல் ஆறு பேர் போவார்கள் என்றார் கிளப் செக்ரட்டரி. அடுத்த வருடமும் இப்படி ஒரு குழு போகுமா என்று கேட்டதற்கு மேலே கையைக் காட்டினார்.

மற்றவர்கள் எல்லாம் கல்லூரிப் பெண்கள். இவளுக்கு இருபத்தெட்டு. ஹவுராவில் சின்ன வயதில், மலைக்குப் போகும் ரயில்கள் கிளம்புவதைப் பார்க்கவே பிளாட்பாரத்துக்குப் போவாளாம். படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கம்பளிச் சட்டையோடு ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாளாம்.

"ஒரு தடவை பனியில கால வெச்சுப் பாக்கணும். ஒரு தடவை போதும்" என்றாள்.

"அதுக்கென்ன, போயிட்டு வா" என்றேன். வாய்தான் சொன்னது. இரண்டு மாதம் அவள் இல்லாமல் அந்த வீட்டில் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. ஏரியில் முன்னால் ஓடுகிறவளை ஒரு சொல்லால் நிறுத்திவிடலாம். அங்கே போய்விட்டால் என் குரல் எட்டாது. இதையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்குப் புதுக் கான்வாஸ் ஷூ வாங்கிவந்தேன்.

ஹவுராவில் காலை ரயிலைப் பிடித்து பாங்குராவில் இறங்கி, பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம். தட்டையான வயல்களுக்கு நடுவில் அந்தக் குன்று நீளமாகப் படுத்திருந்தது. பெரிய மலை என்று சொல்ல முடியாது. குற்றாலத்தைப் பார்த்தவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்று நான் முதலில் அலட்டிக்கொண்டேன். ஏழு வருடமாகத் தரை மட்டத்தையே பார்த்துப் பழகிய கண்கள், அதைக் கேட்காமல் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தன.

ஓட்டத்துக்கு முந்திய நாள் பாதையில் துணி நாடா கட்டுவது எங்கள் இருவர் வேலை. இரண்டு பாதைகள். சிவப்பு நாடாப் பாதை அடிவாரத்தைச் சுற்றிக் கூடாரத்துக்கே திரும்பிவிடும், அது வேடிக்கைக்கு ஓடுகிறவர்களுக்கு. நீல நாடாப் பாதை மேலே ஏறி முகட்டைத் தாண்டிப் போகும். ஆறு பேரில் ஒருத்தியாக வேண்டுமானால் நீலத்தில்தான் போக வேண்டும். சிவப்பு நாடாவைப் பந்தல்காரரிடம் மிச்சத் துணி கேட்டு வாங்கியிருந்தார்கள். நீல நாடா என் மனைவியின் பழைய நூல் புடவை. கல்யாணமான புதிதில் கரியாஹாட் கடைத்தெருவில் நான் எடுத்துக் கொடுத்தது. வெளுத்துப்போய்விட்டது என்று சொல்லி, அவளே பல்லால் கடித்துக் கிழித்துச் சுருட்டி எடுத்துவந்திருந்தாள்.

அந்தப் பாதையை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவேன். கல்லில் செதுக்கிய ஒரு முகத்தின் வாயிலிருந்து ஊற்றுத் தண்ணீர் விழுகிற இடத்தில் ஆரம்பம். ஜனவரிக் குளிரிலும் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். அங்கிருந்து வேரும் கல்லுமாக ஒரு ஏற்றம். பிறகு சால் மரக் காடு. உதிர்ந்த இலைகள் கணுக்கால் வரைக்கும் கிடக்கும், கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். காட்டுக்கு நடுவில் பாதை இரண்டாகப் பிரியும். நீலம் இடது பக்கம் மேலேறும். காடு முடிந்ததும் வழுக்குப் பாறை, அதற்கு மேல் முகடு. முகட்டில் ஒரு மைல் நீளத்துக்குப் புல்லில் ஓடலாம். இரண்டு பக்கமும் அறுத்த வயல்கள், சட்டி சட்டியாகக் குளங்கள், பனை மரங்கள், தூரத்தில் புகை. அந்தப் பக்கம் இறங்கினால் சந்தால் பழங்குடிகளின் ஊர். மண் சுவரில் வெள்ளையும் காவியுமாகக் கோலம் போட்டிருப்பார்கள். ஊரைத் தாண்டிக் குளக்கரை வழியாக மறுபடி ஊற்றுக்கு.

நாங்கள் அன்று அவசரமில்லாமல் ஓடினோம். அவள் ஒரு மரம், நான் ஒரு மரம் என்று கட்டிக்கொண்டே போனோம். "நில் குடுங்க" என்று பின்னால் பார்க்காமல் கையை நீட்டுவாள். நீலத்தை வங்காளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நம்முடைய நீலத்தின் வாலை வெட்டி, தலையையும் கொஞ்சம் அமுக்கி, நில். நான் ஒரு துண்டைக் கொடுப்பேன். அன்று முழுதும் அந்தச் சொல்லை எத்தனை தடவை சொல்லியிருப்போம்! இரண்டு பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. முகட்டில் போய் உட்கார்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு கந்தல் நாடா மிச்சமிருந்தது. அதை அவள் என் மணிக்கட்டில் கட்டிவிட்டாள். நான் எடுத்துக் கொடுத்த புடவை மலை முழுக்கப் பறந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை மூட்டம் காட்டுக்குள் இறங்கியிருந்தது. நாடாக்கள் தெரியவில்லை. பிரிகிற இடத்தில் ஆள் நின்று கத்தினால்தான் சரிப்படும் என்று செக்ரட்டரி என்னை அங்கே போகச் சொன்னார். "அண்ணா, உங்க வங்காளிக்கு இந்த ஒரு வார்த்தை போதும். நில், நில்னு கத்திக்கிட்டே இடது பக்கம் கையைக் காட்டுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள், ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டே. நான் ஏற்றத்தில் நடந்து போகும்போது, மறந்துவிடக் கூடாதே என்று, நில் நில் என்று எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

காட்டில் என்னைத் தவிர ஒரு சத்தமில்லை. சால் இலைகளிலிருந்து பனி சொட்டியது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு கீழேயிருந்து அப்பளம் நொறுங்குகிற சத்தம் வந்தது. முதலில் ஒரு பெண். "நில்! நில்!" என்று கத்திக் கையைக் காட்டினேன். இடது பக்கம் திரும்பி ஏறிப் போனாள். இன்னொருத்தி. மறுபடி கத்தினேன், அவளும் போனாள்.

மூன்றாவதாக வெள்ளை ஷூக்கள் வந்தன. அவளுடைய ஓட்டம் எனக்குத் தெரியாதா? மனசு குதித்தது. மூன்றாவது! இருந்த சந்தோஷத்தில் தொண்டை கிழியக் கத்தினேன்.

"நில்! நில்!"

நின்றுவிட்டாள்.

மேட்டில் ஒரு காலும் கீழே ஒரு காலுமாக, எனக்கு இரண்டு கை தூரத்தில், அப்படியே நின்றாள். மூச்சு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. வாயிலிருந்து ஆவி வந்தது. தோளில் ஒரு சால் இலை ஒட்டியிருந்தது. என்னையே பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள் அல்லவா?

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியவில்லை என்று பல வருடம் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன், எடுபடவில்லை. நான் கத்தியது வங்காளி. அவள் காதில் விழுந்தது தமிழ். என் குரலில் அந்தச் சொல்லுக்கு அவளிடம் ஒரே அர்த்தம்தான். "போ" என்று ஒரு எழுத்துச் சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. மூட்டத்துக்கு நடுவில் அவள் எனக்காக நின்றுகொண்டிருந்தது அவ்வளவு நன்றாக இருந்தது. இப்படியே இருந்துவிட்டால் அவள் எங்கேயும் போக மாட்டாள் என்று தோன்றியது. ஐந்து மூச்சு இருக்கும். பத்து இருக்கும் என்கிறாள் அவள்.

கீழேயிருந்து ஐந்து பெண்கள் கும்பலாக வந்தார்கள். அதில் ஒருத்தி, "நில் தோ, தீதி! நில்!" என்று இவளைத் தாண்டும்போது கத்தினாள். நீலம்தானே அக்கா, ஏன் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். என் மனைவி அவளைப் பார்த்தாள். மரத்தில் தொங்கிய தன் புடவைத் துண்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் ஓடினாள்.

முகட்டில் ஒருத்தியைத்தான் அவளால் தாண்ட முடிந்தது. ஏழாவதாக வந்தாள்.

சாயங்காலம் ஊற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது. அவள் அழவில்லை.

"எந்த பாஷையில கூப்பிட்டீங்க?"

"வங்காளிதான். எல்லாருக்கும் அதத்தானே கத்தினேன்? நீ நிப்பேன்னு நான் என்னத்தக் கண்டேன்!"

"சரி. நான் நின்னேன். அப்புறம் ஏன் போன்னு சொல்லல?"

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் கேட்காததுபோல நான் துண்டை எடுத்து உதறினேன். அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு வேர்க்கடலை உரித்துக்கூடக் கொடுத்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் ஏதாவது கத்தி, கடைசியில் உண்மையை உளறிக் கொட்டியிருப்பேன்.

அதற்குப் பிறகும் பாலத்தில் ஓடினோம், ஏரியில் ஓடினோம். நான் மட்டும் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. மூச்சு முட்டினால் நானே நின்றுகொள்வேன். அவள் ஏரியை ஒரு சுற்று சுற்றி வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனைத் தாண்டிப் போவாள். அந்த ஆறு பேர் கடுவாலுக்குப் போய் வந்தார்கள். அவர்கள் எடுத்த ஸ்லைடுகளைக் கிளப் மாடியில் காட்டினார்கள். இருட்டில் அவள் முகத்தில் பனியின் வெளிச்சம் விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு ஸ்லைடைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

செக்ரட்டரி மேலே காட்டிய கைக்கு எப்படியோ பலன் கிடைத்தது. அடுத்த வருடமும் ஒரு குழு என்றார்கள். மறுபடி சுசுனியா. இந்தத் தடவை மஞ்சள் நாடா வைத்துக்கொள்ளலாமே என்று நான் செக்ரட்டரியிடம் போய் நின்றேன். அவர் யோசிப்பதற்குள் என் மனைவி குறுக்கே வந்தாள்.

"வேண்டாம். அதே கலர், அதே இடம். இவரே நிக்கட்டும்" என்று அவரிடம் வங்காளியில் சொன்னாள். பிறகு என்னிடம் தமிழில் சொன்னாள்: "அதே வார்த்தையக் கத்துங்க. நல்லா கத்துங்க."

கத்தினேன். அந்தக் காலையிலும் மூட்டம்தான். அவள் இரண்டாவதாக வந்தாள். "நில்! நில்!" என்று என் குரல் போய் அவள்மேல் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். தோள்பட்டை லேசாகக் குலுங்கியது. ஆனால் கால் நிற்கவில்லை. இடது பக்கம் திரும்பி, என் கை படுகிற தூரத்தில் என்னைத் தாண்டி, மேலே ஏறி, மரங்களுக்குள் வெள்ளை ஷூக்கள் ஒன்று, இரண்டு, பிறகு ஒன்றுமில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அதே சமயம் எதையோ பறிகொடுத்தவன்போலவும் இருந்தது. யாரும் இல்லாத பாதையைப் பார்த்து, ஒரு வருடம் கழித்து, "போ" என்றேன்.

மே மாதம் அவளை ரயிலேற்றினேன். படுக்கையைச் சுருட்டிக்கொண்டு, கம்பளிச் சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினாள். ஜன்னலில் கை காட்டினாள். வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். இரண்டு பேருக்கு வடித்திருந்தேன்.

ஜூனில் முதல் மழை பெய்த வாரத்தில் அவள் கடிதம் வந்தது. மேல் முகாமிலிருந்து யாரோ இறங்கும்போது கொடுத்தனுப்பியது. பென்சிலில், அரிச்சுவடி எழுத்தில். காலில் கொப்புளம், ஆனால் வலிக்கவில்லை, பனியில் கால் வைத்துவிட்டேன், அது சத்தம் போடுகிறது என்று எழுதியிருந்தாள். கடைசியில் இரண்டு வரி:

"இங்கே மேலே பார்த்தால் நில். கீழே பார்த்தாலும் நில். நில், நில், வேறு ஒன்றும் இல்லை."

ஏரிக்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். வானத்தைச் சொல்கிறாள் என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். அவளுக்குத்தான் நெடில் வராதே. மறுபடி படித்தேன். என்னை நிற்கச் சொல்கிறாளா? நான் அவளை நிறுத்தியதைச் சொல்லிக்காட்டுகிறாளா? அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் கிடர்பூர் பஸ்ஸில் தொங்கினேன். மழையில் நனைந்து பென்சில் எழுத்து மங்கிக்கொண்டே வந்தது. அந்த நாலெழுத்து மட்டும் எனக்கு மனப்பாடமாகிவிட்டதால் மங்கவில்லை.

ஹவுராவில் வந்து இறங்கியபோது அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மூக்கில் தோல் உரிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. கண்ணைச் சுற்றி மட்டும் பழைய நிறம். மற்ற பெண்களுக்கெல்லாம் அப்பா அம்மா வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அவள் மூட்டையை வாங்கிக்கொண்டு, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல், பிளாட்பாரத்திலேயே கேட்டேன்.

"கடைசில நில் நில்னு எழுதியிருந்தியே, அது எந்த பாஷை?"

அவள் வெடித்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள்.

"நீங்க முதல்ல சொல்லுங்க."

எதை என்று நான் கேட்கவில்லை. சொன்னேன். கூலிகள் இடித்துக்கொண்டு போனார்கள், ஒலிபெருக்கி அலறியது. நடந்துகொண்டே, மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டே சொன்னேன். "கத்தினது வங்காளிதான். அது சத்தியம். நீ நின்னதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. போன்னு சொல்ல மனசு வரல. நீ நின்னது எனக்குப் பிடிச்சிருந்தது. நீ போகாம இருந்தா நல்லாருக்கும்னு நினைச்சேன். பயமா இருந்தது." ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து, ஆற்றைக் கடக்கும் லாஞ்ச் படகுத் துறைக்கு இறங்கினோம். லாஞ்ச் கிளம்பத் தயாராக இருந்தது. நான் ஏறுவதற்காக வேகமாகப் பலகையில் கால் வைத்தேன்.

"நில்!"

பின்னாலிருந்து, அந்த வாத்தியார் குரல். நின்றேன். பலகையில் ஒரு காலும் கரையில் ஒரு காலுமாக, தோளில் மூட்டையோடு. ஏன் என்று கேட்கவில்லை. ஏறுகிறவர்கள் என்னைத் திட்டிக்கொண்டு சுற்றிப் போனார்கள். லாஞ்ச்காரர் வங்காளியில் ஏதோ கத்தினார், கயிற்றை அவிழ்த்தார். நான் காலைக் கரைக்கு இழுத்துக்கொண்டேன். லாஞ்ச் போய்விட்டது. ஆற்றில் மழை லேசாகத் தூறியது. என் மூச்சை நானே எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தில் நிற்கவில்லை, பத்து வந்தது. அவள் சொன்னதுதான் சரி, பத்து மூச்சு ரொம்ப நீளம்.

"போ" என்றாள்.

போவதற்கு லாஞ்ச் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அந்த உரிந்த மூக்கோடு நின்றுகொண்டிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தூறலில் தெரியவில்லை.

"சரி, இப்பவாவது சொல்லு. லெட்டர்ல எழுதினது எந்த பாஷை?"

"பெங்காலிதான்" என்றாள். ஊற்றடியில் நான் சொன்ன அதே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்.

மூட்டையைக் கீழே வைத்தேன். அவள் அதன்மேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக் கொப்புளத்தைக் காட்டினாள். அடுத்த லாஞ்ச் வரும்வரை அங்கேயே இருந்தோம்.